முந்நூற்றுத் தொண்ணூறு சதுர அடி

பத்திரத்தில் ஆயிரத்து நூற்று எண்பது.
சாவி வாங்கிய அன்று டேப் பிடித்து அளந்தால்
எழுநூற்றுத் தொண்ணூறு.
மீதி எங்கே என்றேன்.
"சூப்பர் பில்டப் மேடம்,
மீதியெல்லாம் உங்களைச் சுற்றியே இருக்கு"
என்றான் விற்பனைப் பையன்.

அன்றிலிருந்து தேடுகிறேன்.
லிஃப்டுக்குக் காத்து நிற்கும் இடத்தில் கொஞ்சம்.
ஜெனரேட்டர் அறையின் சூட்டில் கொஞ்சம்.
வாசல் வளைவில், விருந்தினர் வந்தால் மட்டும்
திறந்துவிடும் அருவியில்
கைக்குட்டை அகலத்துக்கு.
மாரத்தஹள்ளி போய்த் திரும்பும் கம்பெனி பஸ்ஸில்
தினமும் மூன்றரை மணி நேரம் நான் குடியிருக்கும்
இரண்டடிக்கு ஒன்றரையடி சீட்டையும்
கணக்கில் சேர்த்துவிட்டேன்.
இன்னும் குறைகிறது.

(மாதிரி வீட்டில் பார்த்த கட்டில்
ஐந்தடி நீளம்தானாம், பிறகு தெரிந்தது.
அதில் யாரும் படுக்கப் போவதில்லை,
அறை பெரிதாகத் தெரிந்தால் போதும்.)

ஞாயிறு காலை கிளப் ஹவுஸில் கூட்டம்.
சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டாம் கட்டம்:
நாலு கோபுரம், பதினெட்டு மாடி.
"நகரம் இப்படி ஊதிக்கொண்டே போனால்
ஓசூரில்தான் போய் நிற்கும்" என்றார்
பி பிளாக் கரும்பையா.
எல்லோரும் கைதட்டினார்கள்.
நாங்கள் ஊதி முடித்தவர்கள்.

ஷைலஜா ஹெக்டே பழைய வரைபடம் கொண்டுவந்திருந்தார்.
ஏரிக்குப் போகும் ராஜகால்வாய் நீலக் கோடாக
அவர்கள் கட்டப்போகும் சாலைக்கு அடியில்.
பாருங்கள், பாருங்கள் என்று வரிசை வரிசையாய்க் காட்டினார்.
என்னிடம் வந்தபோது
காகிதத்தின் ஒரு மூலையை உள்பக்கம் மடித்து
கட்டைவிரலால் அழுத்தியிருந்தார்.
நீலக் கோடு அந்த மடிப்புக்குள் நுழைந்தது.
மடிப்புக்குள் எங்கள் ஏ பிளாக்.

தண்ணீர்ப் பணம் வாங்க வந்த முனியல்லப்பா
கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.
நாங்கள் குடியிருக்கும் மூன்று ஏக்கரை விற்று
இரண்டு டேங்கர் வாங்கியவர்.
சுவருக்கு அந்தப் பக்கம் அவர் அண்ணன் நிலம்.
கன்னடத்தில் கேட்டார், யாரையும் பார்க்காமல்:
"அவன் மட்டும் ராகி போட்டுக்கிட்டே இருக்கணுமா,
உங்க பால்கனிக்கு?"
அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

நான் சொல்லாததும் ஏறவில்லை.
ஆபீசில் என் பக்கத்து மேசை ரெஹானா.
நகரத்துக்குள் ஒன்பது வீடு பார்த்தாள்.
ஒன்பதும் காலியாகத்தான் இருந்தன,
பெயர் சொல்லும்வரை.
இரண்டாம் கட்டத்தில் பன்னிரண்டாம் மாடிக்கு
முன்பணம் கட்டிவிட்டாள்.
"வங்கிக்காரன் பெயர் கேட்டான்,
எழுதிக்கொள்ள மட்டும்" என்று சிரித்தாள்.

எதிர்ப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள்.
என் கை தோள்வரை போய்
காதோரம் முடியை ஒதுக்கியது.
எண்ணிக்கொண்டு வந்தவர்
எந்தப் பக்கம் சேர்த்தாரோ,
தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

மழை அன்றைக்கே வந்துவிடவில்லை.
பதினோரு நாள் கழித்து, ஒரு புதன் இரவு.
ஏ பிளாக் பார்க்கிங்குக்கு
காவலாளியின் ஏட்டில் கையெழுத்திடாமல் வந்தது,
வழி தெரிந்த மாதிரி
தூண்களுக்கு இடையே கோணலாகப் போய்
என் வண்டிக்கு அடியில் நின்றது.
நைட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து
டேப்போடு இறங்கினேன்.
கணுக்காலுக்கு மேல் நாலு விரல்.
நீளம் அகலம் பிடிக்க
மறுமுனைக்கு ஆள் இல்லை.

ஆறு மணிக்கு கேட்டில் ஹாரன்.
இரண்டு பக்கமும் நீரைக் கிழித்துக்கொண்டு
முனியல்லப்பாவின் டேங்கர்,
ஆறாயிரம் லிட்டர்,
நாங்கள் குடிக்க.
ஈரக் கையால் பில்லில் கையெழுத்துப் போட்டேன்.